கில் கொடுத்தும் சாகாத ப்ராசஸ்

மூன்று நாள் தண்டம். லினக்ஸ் கணினியிலிருந்து வெளி ஹார்டு டிஸ்குக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) வழியாக பேக்கப் எடுத்தால் பாதியில் தொங்கிவிடும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) கில் மைனஸ் 9 என்ற கட்டாய நிறுத்தக் கட்டளை கொடுத்தும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அசையவில்லை. ஆர்சிங்கை மறுபடி நிறுவியும் அதே கதைதான்.

லோடு (கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் சராசரி எண்) 4-ஐத் தாண்டியிருக்க, சிபியு சும்மா கிடந்தது. அதுதான் துப்பு. பிஎஸ் கட்டளை காட்டும் ப்ராசஸ் பட்டியலில் ஆர்சிங்கின் நிலை ‘டி’: கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, அதுவரை கில் அனுப்பும் சிக்னல் எதுவும் எடுபடாது. லினக்ஸ் இந்தக் காத்திருப்பையும் லோடில் சேர்த்தே எண்ணும்.

கெர்னல் லாகில் (அது எழுதிவைக்கும் பதிவில்) வரிசையாக யுஎஸ்பி ரீசெட் வரிகள், அதாவது டிஸ்க் இணைப்பைத் திரும்பத் திரும்ப மீட்டமைத்த குறிப்புகள். சரி என்று கேபிளைப் பிடுங்கினேன். எப்போதோ கொடுத்த கில் அப்போதுதான் போய்ச் சேர்ந்தது, ப்ராசஸ் ஒழிந்தது. டிஸ்குக்கு மின்சாரம் போதவில்லையோ என்று, அதைத் தனி மின் அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் செருகினேன். அப்புறம் தொங்கவில்லை.