லாங்ஆர்ம் மெஷினுக்கு ஊசி: முதலில் நூலைப் பாருங்கள், துணியை அப்புறம்

இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட், அதைத் தைக்கும் பெரிய மெஷின் லாங்ஆர்ம். அதில் தையல் விட்டு விட்டு விழுந்தாலோ, நூல் அடிக்கடி அறுந்தாலோ பலருடைய கை முதலில் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. அங்கே சரியாகவில்லை என்றால் பாபினைக் கழற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டைமிங், அதாவது ஊசியும் கீழே சுழலும் ஹூக்கும் சேரும் நேரம், போய்விட்டது என்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள். ஊசி யார் நினைவுக்கும் வருவதில்லை. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். மெஷினில் மாற்றக்கூடிய பாகங்களிலேயே விலை குறைந்ததும், ஒரு நிமிடத்தில் மாற்ற முடிந்ததும் ஊசிதான். அதை மாற்றிப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

சாதாரணத் தையல் மெஷினில் பல வருடம் பழகியவர்கள்கூட லாங்ஆர்முக்கு வந்ததும் ஊசி விஷயத்தில் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரண மெஷினில் ஊசி மேலே ஏறிய பிறகுதான் துணி நகரும். லாங்ஆர்மில் துணி ஃப்ரேமில் இழுத்துக் கட்டியபடி நிற்கிறது, மெஷின்தான் நகர்கிறது. ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும் நேரத்திலும் உங்கள் கை மெஷினைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு துணியும் நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கும் ஊசியைப் பிடித்துக்கொள்ள, ஊசி லேசாக வளைகிறது. அது மயிரிழை அளவுதான். ஆனால் கீழே சுழலும் ஹூக் நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அப்போது வளையம் இருக்காது, அந்தத் தையல் விட்டுப்போகும். ஒரு திசையில் போகும்போது மட்டும் தையல் விட்டுப்போகிறது, மற்றத் திசைகளில் ஒழுங்காக விழுகிறது என்றால் முதலில் ஊசி வளைவதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதைத் தாங்குவதற்கென்றே எம்ஆர் என்ற குறியோடு ஊசிகள் வருகின்றன. பல திசைகளிலும் ஓடும் தையலுக்காகத் தண்டை உறுதியாகச் செய்த ஊசிகள் இவை. பாக்கெட்டில் 134 எம்ஆர் என்று இருக்கும்.

அந்த 134 என்ற எண்ணைக் கவனிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. அது ஊசியின் பருமன் அல்ல, ஊசியின் இனம். வீட்டு மெஷின் ஊசிக்கு (130/705) மேல்காம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பெரும்பாலான லாங்ஆர்ம் மெஷின்களுக்கு வேண்டிய 134 இனத்துக்கு முழுக்க உருண்டை. டிபி×5 (DP×5), 135×5 என்று எழுதியிருந்தாலும் அதே இனம்தான். டிபி×1 (DB×1) என்ற வேறோர் இனமும் உருண்டையாக இருக்கிறதே, போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அதன் காம்பு சுமார் 1.6 மில்லிமீட்டர்தான், 134-க்கு 2 மில்லிமீட்டர். திருகை முடுக்கினால் நிற்கும், ஆனால் நடுவில் நிற்காது. உங்கள் மெஷினின் கையேட்டில் எந்த இனம் போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

சரி, இனம் தெரிந்துவிட்டது. பருமன்? இங்கேதான் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: நூலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துணி கனமாக இருக்கிறது என்று கனமான ஊசியை எடுப்பது வீட்டு மெஷினில் வந்த பழக்கம். லாங்ஆர்மில் ஒரே குயில்ட்டில் எல்லா இடத்திலும் துணி ஏறத்தாழ ஒன்றுதான், மாறுவது நூல். ஒரு தையலில் போய் உட்காருவதற்கு முன்னால் நூலின் ஒவ்வொரு துண்டும் ஊசியின் காதுக்குள் பல பத்து முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. காது இறுக்கமாக இருந்தால் அத்தனை முறையும் உரசல்தான். காதுக்கு மேலே பஞ்சு மாதிரி பிசிறு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது நூலின் குற்றம் என்று நூலை மாற்றிவிட வேண்டாம்.

எண்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூலில் எண் கூடினால் மெலிசு, ஊசியில் எண் கூடினால் பருமன். 100/16 என்றால் தண்டின் குறுக்களவு 1 மில்லிமீட்டர், 110/18 என்றால் 1.1 மில்லிமீட்டர். 40-ஆம் எண் நூலுக்கு, சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் 16 அல்லது 18 உள்ள ஊசி பொருந்தும். 60-ம் 100-ம் போன்ற மெல்லிய நூல்களுக்கு 14 அல்லது 16. 12-ஆம் எண் தடித்த நூலுக்கு 18-க்குக் கீழே இறங்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் மெஷினை ஓட்டாமலேயே பார்த்துவிடலாம். ஒரு முழ நூலைப் புது ஊசியில் கோத்து, நூலின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் இழுத்துப் பிடியுங்கள். ஒரு கையைச் சற்று உயர்த்துங்கள். ஊசி தானாகவே வழுக்கிக் கீழே வந்தால் பொருத்தம் சரி. நடுவில் சிக்கி நின்றால் ஒரு அளவு பெரியது வேண்டும். புது நூல் வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

அதற்காக எப்போதும் பெரிய ஊசியே போட்டுவிடலாமா என்றால், கூடாது. ஓட்டை பெரிதாகும், மேல் நூலும் கீழ் நூலும் சேரும் முடிச்சு பேட்டிங்குக்குள் நிற்காமல் ஓட்டை வழியாக வெளியே எட்டிப்பார்க்கும். டென்ஷனை எவ்வளவு திருகினாலும் அது அடங்காது. ஒரேயடியாக இரண்டு மூன்று அளவு தாண்டினால் இன்னொன்றும் நடக்கும்: ஊசிக்கும் ஹூக்குக்கும் இருக்கும் இடைவெளி மாறிவிடும். பருமனான ஊசி ஹூக்கில் உரசும், மெலிந்த ஊசியை ஹூக் எட்டாது. அப்படி மாற்றினால் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

முனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெய்த பருத்தித் துணிக்குக் கூர்முனை, அதாவது ஆர் குறி. நெருக்கமாக நெய்த பாட்டிக் துணிக்கும் அதுவேதான், கூடவே நூல் இடம்கொடுக்கும் அளவுக்கு மெல்லியதாக. பழைய டி-ஷர்ட்களை வைத்துச் செய்யும் குயில்ட், பின்னல் துணி இவற்றுக்கு உருண்டை முனை, அது இழையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்கும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. ஊசியை முழுக்க மேலே ஏற்றாமல் திருகை முடுக்குவது ஒன்று. ஊசி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றாலும் ஹூக்கோடு சேரும் நேரம் தப்பிவிடும், அதைத்தான் டைமிங் கெட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மற்றது, ஊசி திரும்பி நிற்பது. தட்டைப் பக்கம் இல்லாததால் உருண்டைக் காம்பு எந்தப் பக்கமும் திரும்பும். நீண்ட காடி உங்களைப் பார்த்தும், காதுக்கு மேலே உள்ள குழிவு பின்பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. காதுக்குள் ஒரு குண்டூசியை நுழைத்துப் பாருங்கள், அதன் தலை நேராக உங்களை நோக்கி நின்றால் சரி. பக்கவாட்டில் சாய்ந்தால் ஊசியைத் திருப்பிவிட்டு, திருகை முடுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். முடுக்கும்போதும் ஊசி திரும்பும்.

உடையும்வரை ஒரே ஊசியில் ஓட்டுவதுதான் எனக்கு மனம் ஆறாத தவறு. நிமிடத்துக்கு 1500 தையல் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 90,000 முறை அந்த முனை பேட்டிங்கைத் துளைக்கிறது. ஒருமுறை கருநீலப் பின்துணி போட்ட ஒரு குயில்ட்டை முடித்துத் திருப்பிப் பார்த்தேன். தையல் விழுந்த இடமெல்லாம் எள்ளளவு வெள்ளைப் பஞ்சு. மழுங்கிய முனை துளைக்காமல் பேட்டிங்கை இழுத்துக்கொண்டே வந்து பின்பக்கம் தள்ளியிருக்கிறது. ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குயில்ட்டுக்கும் புது ஊசிதான், பெரிய குயில்ட் என்றால் நடுவிலும் ஒன்று. டைட்டானியம் நைட்ரைடு பூசிய தங்க நிற ஊசிகள் தேய்வதற்கு அதிக நாள் எடுக்கும், ஆனால் வளைந்தால் அவையும் வளைந்ததுதான். தையலுக்கு வழிகாட்டியாக வைக்கும் ரூலரிலோ ஊசித் தட்டிலோ ஒருமுறை இடித்துவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அந்த ஊசியைக் கழற்றிவிடுங்கள். தட்டின் துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே உலோகத்தில் சிறு பிசிறு விழுந்திருந்தால் புது ஊசி போட்டாலும் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, உள்ளே இருக்கும் ஊசியின் அளவு, முனை, மாட்டிய தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். தண்டில் பொறித்திருக்கும் எண் பூதக்கண்ணாடிக்கே சிரமம்.