மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இனிமே இங்க வச்சுப் பார்க்க ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் நோய் முற்றியவரின் குடும்பத்திடம் சொல்லிவிடுகிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை மாத்திரையுமாக வீடு வந்து சேர்கிற குடும்பம், முந்தைய குடும்பங்கள் செய்த அதே தவறுகளை முதலிலிருந்து செய்யத் தொடங்குகிறது. கை கழுவுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கே எழுதுவது பாசத்திலும் பயத்திலும் செய்யப்படும் தவறுகளைப் பற்றி. நோயாளிக்கு அதிக வேதனை தருபவை அவைதான்.

ஏர் பெட் வாங்கியாச்சு, இனி திருப்ப வேண்டாம்

படுக்கைப் புண் வராமல் தடுக்க ஏர் பெட் (காற்று நிரப்பிய மெத்தை) உதவும். ஆனால் அது திருப்பிப் படுக்க வைக்கும் வேலையைச் செய்யாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியே ஆக வேண்டும். முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பின் மேல் மொத்த எடையும் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் படுக்கையில் படாதபடி.

பலர் பக்கம் மாற்றுகிறார்கள், ஆனால் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறார்கள். உலர்ந்து மெலிந்த தோல் அந்த இழுப்பிலேயே உரிந்துவிடும். ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உங்கள் முதுகும் தப்பிக்கும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், பவுடர் வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தையும் தூக்கி ஓரம் வையுங்கள். அது புண்ணைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

மார்ஃபினை "வலி வந்தா மட்டும்" கொடுப்பது

இந்தத் தவறு எங்களை இன்றும் கோபப்படுத்துகிறது. ஏனென்றால் கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் வீட்டிலேயே இருக்கும்போது மனிதர் வலியில் துடிக்கிறார்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். மாத்திரை அட்டை பீரோவுக்குள் பூட்டியிருக்கும். ராத்திரி 2 மணிக்கு அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவார். "காலையில ஒண்ணு குடுத்தாச்சு மாமா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார் மருமகள். பக்கத்தில் நிற்கும் சித்தப்பா "அது கடைசியில குடுக்குற மாத்திரை, குடுத்தா ஆளு எழுந்திருக்க மாட்டாரு" என்று சொல்லி வைத்திருப்பார். நான்கு நாளில் எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் மூன்று மட்டும் குறைந்திருக்கும்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை விழுங்கிய அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ரத்தத்தில் அளவு குறைந்துவிடும். அதனால்தான் சீட்டில் "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்று எழுதுகிறார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நள்ளிரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

வலி இல்லாதபோதும் கொடுக்க வேண்டுமா? ஆமாம், வலி இல்லாமல் இருப்பதே அந்த மருந்தால்தான். முழு வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதே அளவு மருந்து அந்த வலியைப் பிடிப்பதில்லை, கூடுதலாகத் தேவைப்படுகிறது. கூடுதலாகக் கொடுத்தால் தூக்கம் வருகிறது, தூக்கத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த வேளையை நிறுத்துகிறார்கள், வலி மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய குடும்பங்கள்தான் "மார்ஃபினும் கேக்கல" என்று சொல்கின்றன. மருந்து கேட்கவில்லை என்பதற்கு முன், அது நேரத்துக்குக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள்.

இடையில் வலி வந்தால்? அதற்கென ஒரு தனி அளவை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற முறையில் பொதுவாக அது ஒரு வேளைக்கான அதே அளவு. எழுதவில்லை என்றால் போன் செய்து கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுத்த பிறகும் அடுத்த வேளையை அதன் நேரத்துக்கே கொடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. குளிப்பாட்டினாலோ புண் கட்டினாலோ வலிக்கும் என்று தெரிந்தால், அந்த இடைவேளை மாத்திரையை அரை மணி முன்பே கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், மாத்திரை, பத்துக்கு எத்தனை வலி என்று அவர் சொல்லும் எண், கடைசியாக வெளிக்குப் போன தேதி. மருத்துவர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். "பரவால்ல, அப்பப்ப வலிக்குது" என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

பயங்களில் எது நியாயம், எது இல்லை என்றும் பார்த்துவிடுவோம். அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர்களுக்கு அது அரிது. ஆயுள் குறையும் என்ற பயமும் வேண்டாம். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் மருந்து ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். வலியால் பல வாரம் தூங்காதவர் வலி அடங்கிய முதல் நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். அது விஷம் ஏறியதன் அடையாளம் இல்லை. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பயப்பட வேண்டியவை வேறு. தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறார், கை கால் தன்னிச்சையாக வெட்டிவெட்டி இழுக்கிறது, இல்லாததை எல்லாம் பார்த்துப் பேசுகிறார் என்றால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடலில் தங்கிவிடும். அவர்களுக்கு அளவும் இடைவெளியும் வேறு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நீண்டநேர மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தால், அரை நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவம் கேளுங்கள். பல வாரம் கொடுத்த மாத்திரையை "இப்ப வலி இல்லையே" என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தப்பு. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, படபடப்பு எல்லாம் வரும்.

இந்த மாத்திரை தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் மருத்துவப் பயன்பாட்டுக்கான வழியை எளிதாக்கியது என்றாலும், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மூலமாகவே கிடைக்கும். அதனால் கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்காதீர்கள். ஐந்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே மறு சீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். பூட்டி வைப்பது சரி. ஆனால் சாவி ராத்திரி கண் விழிக்கும் ஆளிடம் இருக்கட்டும்.

மார்ஃபினோடு மலமிளக்கியை விட்டுவிடுவது

தூக்கமும் குமட்டலும் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள்.

இதில் குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வாரம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். "பேதி ஆகுது" என்று மலமிளக்கியை நிறுத்தி, பேதி நிற்கும் மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது பேதி இல்லை. கெட்டிப்பட்ட மலம் ஆசனவாயை அடைத்திருக்க, மேலே இருக்கும் நீர் ஓரமாக வழிகிறது. நர்ஸ் விரல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் எந்த மருந்தும்.

சாப்பாடு குறைந்தும் பழைய அளவு சர்க்கரை மருந்து

ஆபத்து. இன்சுலின் அளவை அன்றே கேட்டு மாற்றுங்கள்.

ஜில்லிட்ட காலுக்கு வெந்நீர்ப் பை

வேண்டாம். போர்வை போதும்.

மூச்சு வாங்கினால் உடனே ஆக்சிஜன்

ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு அந்தக் குழாயால் கூடுதல் பலன் கிடைக்காது. முதலில் தலைமாட்டை உயர்த்துங்கள், ஜன்னலைத் திறங்கள், ஒரு சின்ன டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள். கன்னத்தில் காற்று படுவதே மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும். கட்டிலைச் சுற்றி நிற்கும் பத்துப் பேரைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

"ஒரு வாய் சாப்பிட்டா தெம்பு வந்துடும்"

கடைசி வாரங்களில் உடல் உணவை ஏற்காது. சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் பசி போகிறது. இது தெரியாமல் மூக்கைப் பிடித்து, தாடையை அழுத்தி, கஞ்சியை ஊற்றுகிறார்கள். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அடுத்த நாள் காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு.

விழுங்க முடியவில்லை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. தண்ணீர் கொடுத்ததும் இருமல், பேசும்போது தொண்டையில் கொளகொளவென்ற சத்தம், கன்னத்தில் முன்பு ஊட்டிய உணவு அப்படியே தங்கியிருப்பது. இவை இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால், நன்றாகச் சாய்த்து உட்கார வைத்து, மோவாய் சற்றுக் கீழே இருக்க, ஒரு சின்ன ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. அவர் கேட்பதைக் கொடுங்கள். ஐஸ்கிரீம் கேட்டால் ஐஸ்கிரீம்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க டாக்டர்" என்று உறவினர் கேட்பார்கள். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூட வராது. உடல் ஓயும் நேரத்தில் அந்த நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். அதைவிட வாயைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் நாக்கையும் ஈறையும் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுங்கள். தாகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாய் உலர்வதுதான்.

பால் ஊற்றும் வழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் வரும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால், நினைவில்லாதவருக்கு மூச்சு அடைக்கும். பாலில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடச் சொல்லுங்கள். மண்ணைக் கரைத்தும் காசை உரசியும் கொடுக்கும் வீடுகளுக்கும் இதே முறைதான்.

ஒரே பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் போடுவது

மருமகளோ மகளோ மனைவியோ, அந்த ஒருவர் ஆறு வாரம் தொடர்ந்து தூங்காமல் இருப்பார். பிறகு மாத்திரை நேரம் தவறும், கோபம் வரும், அவருடைய சொந்த பிரஷர் மாத்திரை மறந்துபோகும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது உதவி இல்லை. வாரத்தில் இரண்டு இரவு நான் விழித்திருக்கிறேன், மருந்து வாங்கும் வேலை என்னுடையது, மாலை 5 முதல் 7 வரை வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள், நாள், வேலை சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் நோயாளியின் காதுபட "என்ன இப்படி எளச்சுட்டாங்க" என்று சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் (வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். யாராவது கேட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை முன்கூட்டியே மருத்துவரோடு வீடியோ காலில் பேச வையுங்கள். கடைசி வாரம் விமானத்தில் வந்து இறங்கி "ஏன் ஐசியூவுல சேர்க்கல?" என்று கேட்பவர், பெரும்பாலும் அதுவரை எதுவும் சொல்லப்படாதவர்.

நோயாளியிடம் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்வது

அவருக்குப் பெரும்பாலும் தெரியும். கேளுங்கள்.

கடைசி இரவில் பதறி ஆம்புலன்ஸ் ஏற்றுவது

வீட்டிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, தொண்டையில் கரகரப்பு கேட்டதும் உடைந்துவிடுகிறது. அது விழுங்க முடியாமல் தங்கிய எச்சிலின் சத்தம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். மூச்சு நின்று நின்று வரும், சில நேரம் அரை நிமிடம்கூட இடைவெளி இருக்கும். முழங்கால் நீலம் பாரிக்கும். இறப்பு நெருங்கும்போது இவை எல்லாம் வருவது இயல்புதான். திடீரென்று புரண்டு புரண்டு அமைதியின்றி இருந்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம், சிறுநீர் டியூப் மடங்கியிருக்கலாம். அந்த இரவில் யாருக்கு போன் செய்வது என்று மருத்துவர், நர்ஸ் இருவரின் எண்ணையும் முன்பே சுவரில் ஒட்டி வையுங்கள்.

வீட்டில் இறந்தால் மரணத்தை உறுதி செய்து காரணம் எழுதித் தரும் மருத்துவர் யார் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். தொடர்ந்து பார்த்த மருத்துவர் என்றால் சிக்கல் இல்லை. சம்மரியும் மருந்துச் சீட்டும் ஒரே கோப்பில் இருக்கட்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரமானால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ள எழுத்திலேயே பதிவாகிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கும் பென்ஷனும் அந்த ஒரு எழுத்தில்தான் நின்றுவிடும்.