எம்பிஏ பசங்களுக்கு மென்டரா போட்டுட்டாய்ங்களா? ஃபார்ம்ல கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

மென்டர்னா, ஒதுக்குன பசங்களோட படிப்பையும் கஷ்டத்தையும் கேட்டு வழிகாட்டுற வாத்தியார். புது பேட்ச் உள்ள வந்த ஒடனே டிபார்ட்மென்ட் தலைவர் ஹெச்ஓடி ஒரு லிஸ்ட்ட கைல குடுத்து "இந்த இருவது பேரும் உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு போயிருவாரு, கூடவே ஒரு கட்டு மென்டரிங் ஃபார்ம். மாசம் ஒருக்கா பசங்கள ஸ்டாஃப் ரூம் வாசல்ல வரிசையா நிக்க வச்சு "எதும் பிராப்ளமாப்பா", "இல்ல சார்", "சரி கையெழுத்து போடு". அம்புட்டுத்தான் மென்டரிங். நானும் மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன், மதுரைக்கு வெளிய ஒரு காலேஜ்ல. ஃபைல் பாக்க ஜோரா இருந்துச்சு, ஒரு பயலுக்கும் அதுனால ஒரு புண்ணியமும் இல்ல.

புதுசா வேலைக்கு சேந்த நம்ம டிபார்ட்மென்ட் பிள்ளைக ரெண்டு மூணு பேர் இந்த வருஷம் கேட்டாங்க, என்னதான் சார் பேசுறதுன்னு. அதான் எழுதிப்புட்டேன்.

மொத மீட்டிங்ல பிராப்ளம் இருக்கான்னு கேக்கவே கேக்காதீங்க. மார்க்கும் கேக்க வேணாம், அது எப்படியும் உங்க கைலதான இருக்கு. "காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கிற, எந்த பஸ்ல வர்ற, சாயங்காலம் வீட்டுக்கு போயி என்ன செய்வ", இத கேளுங்க. பிராப்ளம்னா வாய தொறக்காதவன் பஸ்ஸ பத்தி பத்து நிமிஷம் பேசுவான். உசிலம்பட்டி பக்கம் உள்ளவன் ஒருத்தன், மேலூருக்கு உள்ள தள்ளி இருந்து வர்ற பொண்ணு, இவங்களுக்கெல்லாம் பாடத்துல பாதி பிரச்சன பஸ்லதான் இருக்கும்.

ஒரு பையன், பேரு வேணாம். மொத செமஸ்டர்ல திடீர் திடீர்னு ஆளக் காணோம், கூப்ட்டு கேட்டா "ஒடம்பு சரியில்ல சார்"னுதான் பதில். இவன் நாள் எப்படி போகுதுன்னு கேட்டப்பதான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல அப்பாவுக்கு கட இருக்குன்னு சொன்னான், அப்பவும் லீவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்கிற மாதிரியே பேசுறான். நான் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரையும் செவுத்துல தொங்குன காலண்டரையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தேன். ஆவணில அவன் ஆப்சென்ட் அத்தனையும் முகூர்த்தம், இல்லாட்டி முகூர்த்தத்துக்கு மொத நாளு. புரட்டாசி பொறந்ததும் பய டான்னு வந்துருக்கான், ஆயுத பூஜைக்கு முந்துன நாள் மட்டும் திரும்ப காணோம். மல்லி வெல ஏறுற அன்னைக்கு கடைல ஒரு கை கொறஞ்சா அப்பாவால சமாளிக்க முடியல, அதான் விஷயம். திட்டி பிரயோஜனம் இல்ல. ஐப்பசி, கார்த்திகைல வர்ற முகூர்த்தத்தெல்லாம் வட்டம் போட்டு, இதுல இத்தன நாள் நீ போலாம், மிச்ச நாளுக்கு தாய்மாமன நிக்க சொல்லுன்னு உக்காந்து கணக்கு போட்டோம். பரீச்ச எழுதிட்டான்.

பரீச்ச எழுதுறதுக்கு வேணும்ங்கிற 75 சதவீத அட்டென்டன்ஸ் கணக்க பசங்களுக்கு நீங்கதான் சொல்லி குடுக்கணும், ஏன்னா சதவீதம்னு சொன்னா மண்டைல ஏறாது, மணி நேரமா சொல்லுங்க. ஒரு பேப்பருக்கு 45 அவர் (மணி நேரம்) கிளாஸ்னு வைங்க, 75 சதவீதம்னா 34 அவர் உக்காரணும், 11 தான் விடலாம். வாரம் ஒரு தடவ திங்கக்கெழம மொத அவர் மட்டும் லேட்டா வர்றவன் 15 வாரத்துல 15 அவர விட்டுருப்பான், மத்ததுக்கெல்லாம் ஒழுங்கா வந்தும் 67க்கு வந்துரும். அண்ணா யுனிவர்சிட்டில 65க்கும் 75க்கும் நடுவுல இருந்தா மெடிக்கல் மாதிரி காரணத்துக்கு சர்டிஃபிகேட்டோட காண்டனேஷன், அதாவது கொறஞ்ச அட்டென்டன்ஸ மன்னிச்சு பரீச்ச எழுத விடுறது, கேக்க வழி உண்டு. அட்டானமஸ் காலேஜ், காமராஜர் யுனிவர்சிட்டிக்கு கீழ உள்ளதுன்னா விதி மாறும், சில எடத்துல மொத்தமா பாப்பாய்ங்க, சில எடத்துல பேப்பர் வாரியா, அதுனால உங்க ரெகுலேஷன் புக்க ஒருக்கா முழுசா படிச்சிருங்க. ஹால் டிக்கெட் குடுக்கைல சொல்றது மென்டரிங் இல்ல, செமஸ்டர்ல அஞ்சாவது வாரம் சொல்லணும்.

அடுத்து லோன். இத பத்தி அக்கவுன்ட்ஸ் செக்ஷன் பாத்துக்கும்னு விட்டுறாதீங்க, படிப்ப நிறுத்துறேன்னு வந்து நிக்கிற பசங்கள்ல பாதிப் பேரு ஃபீஸ் கட்ட முடியாம நிக்கிறவன்தான், பாடம் புரியலைன்னு நிக்கிறவன் கம்மி. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ண சொல்லுங்க. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கெடையாது, அத தாண்டுனாத்தான் சொத்து பத்திரம்ங்கிறது பேங்குகளோட மாடல் ஸ்கீம்லயே இருக்கு, ஆனா ஊர்ல மேனேஜர் "நெலம் இருக்கா"ன்னு மொத கேள்வியிலயே கேட்டு அனுப்பி விட்டுருவாரு, அப்பாவும் தலைய ஆட்டிட்டு கந்து வட்டிக்கு போயிருவாரு. லோன் இல்லைங்கிற பதில எழுத்துல குடுங்க சார்னு கேக்க சொல்லுங்க, கேட்டா அநேகமா பேச்சு மாறும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் கட்டணும்னு சந்தோசமா இருப்பாய்ங்க, அதுவரைக்கும் வட்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்ங்கிறத யாரும் சொல்லிருக்க மாட்டாய்ங்க, நீங்க சொல்லுங்க. எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு பத்தாவதுக்கு மேல படிக்க போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 2.5 லட்சம். உங்க கைக்காச மட்டும் கடனா குடுத்துறாதீங்க. நான் ஒருத்தனுக்கு குடுத்தேன், அதுக்கப்பறம் பய என்ன பாத்தாலே வேற படி ஏறி போனான்.

அடுத்து ஸ்பெஷலைசேஷன், அதாவது எந்த பிரிவ எடுத்து படிக்கிறதுங்கிறது. "சார் ஃபைனான்ஸா ஹெச்ஆரா"ன்னு ரெண்டாவது செமஸ்டர் முடிவுல வந்து நிப்பாய்ங்க. பதில் சொல்லிறாதீங்க, போன வருஷம் முடிச்சு போன சீனியர் ரெண்டு பேர் நம்பர குடுத்து, காலைல ஆபீஸ் போயி என்ன வேல செய்றீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாடான்னு அனுப்புங்க. மார்க்கெட்டிங்னா விளம்பரம்னு நெனச்சவன் திரும்பி வரும்போது மூஞ்சி வேற மாதிரி இருக்கும்.

இன்டர்ன்ஷிப்ல ஒரு கூத்து உண்டு, மாமா கடைல சர்டிஃபிகேட் வாங்கிட்டு வீட்ல தூங்குறது. முன்னல்லாம் கத்துவேன். இப்ப, சரி மாமா கட எங்கன்னு கேப்பேன். கீழமாசி வீதி மொத்த கடையா, நல்லது, எந்த சரக்கு மூணு மாசத்துக்கு மேல குடோன்ல தூங்குது, எந்த வியாபாரி எத்தன நாள் கழிச்சு பணம் தர்றான், எழுதிட்டு வான்னு அனுப்பிருவேன். கப்பலூர் சிட்கோல பெரிய கம்பெனிக்கு போயி ஜெராக்ஸ் எடுத்தவன விட இவன் ரிப்போர்ட் நல்லா வரும்.

தமிழ் மீடியத்துல இருந்து வந்தவன் கேஸ் டிஸ்கஷன்ல, அதாவது ஒரு நெசமான நிறுவனத்தோட கதைய வச்சு கிளாஸ்ல விவாதிக்கிறப்ப, கடைசி பெஞ்சுல தலைய குனிஞ்சுக்கிட்டு இருப்பான். இங்கிலீஷ் கிளாஸுக்கு போடான்னு சொல்றது ஒரு அட்வைஸே இல்ல. நான் மொத கேஸா அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய எடுப்பேன். 1976ல டாக்டர் வெங்கடசாமி ரிட்டையர் ஆனதுக்கு அப்பறம் 11 படுக்கையோட ஆரம்பிச்சது, ஹார்வர்ட்காரய்ங்க 1993லயே கேஸ் எழுதி இன்னைக்கும் வெளிநாட்டுல பாடமா நடக்குது. நம்ம பயலுக்கு அண்ணா நகர் பஸ் ஸ்டாப்பு அது. "எங்க அப்பத்தாவுக்கு கேம்ப்ல பாத்து கூட்டிட்டு போயி ஆபரேஷன் பண்ணி திரும்ப கொண்டாந்து விட்டாய்ங்க சார், காசு வாங்கல"ன்னு ஒருத்தன் தமிழ்லயே ஆரம்பிச்சான். அப்ப செலவ எப்படி எடுக்குறாய்ங்க, ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தன ஆபரேஷன் பண்ணா கட்டுபடியாகும்னு நான் கேக்க கேக்க, கான்வென்ட் பசங்க அவன்கிட்ட திரும்பி கேள்வி கேட்டாய்ங்க. மொத அஞ்சு நிமிஷம் தமிழ், அப்பறம் அதையே இங்கிலீஷ்ல. ரெண்டு மாசத்துல வாய் வந்துரும்.

தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, செத்துரலாம் போல இருக்குன்னு யாராச்சும் சொன்னா அது உங்க வேலையத் தாண்டுன விஷயம். பக்கத்துல உக்காந்து கேளுங்க, தனியா அனுப்பாதீங்க, வீட்டுக்கோ ஹாஸ்டல் வார்டனுக்கோ சொல்லுங்க, 14416ங்கிற அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பருக்கு உங்க போன்ல இருந்தே போட்டு குடுங்க, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

கடைசியா அந்த ஃபார்ம். முன்ன நான் இருந்த ஒரு எடத்துல இன்ஸ்பெக்ஷனுக்காக மென்டரிங் ஃபைலெல்லாம் செமினார் ஹால் டேபிள்ல பரப்பி வச்சிருந்தாய்ங்க. அத அடுக்க வந்த பசங்க ஒரு பொண்ணோட ஃபார்ம தொறந்து, அவ அப்பாவோட குடிய பத்தி நான் எழுதிருந்தத சத்தமா வாசிச்சுப்புட்டாய்ங்க. எழுதுனது என் கை. அதுக்கப்பறம் அந்த பொண்ணு என்கிட்ட வரவே இல்ல. இப்பல்லாம் ஃபார்ம்ல "அட்டென்டன்ஸ் பத்தி பேசப்பட்டது"ன்னு ஒரு வரி, தேதி, கையெழுத்து. மத்ததெல்லாம் ஒரு நாப்பது பக்க நோட்டுல, பேருக்கு பதிலா அவன் வர்ற பஸ் நேரத்த போட்டு எழுதி வீட்டுக்கு எடுத்துட்டு போயிருவேன்.