தக்காளி ஊசிப்புழுவா, உருளைக்கிழங்கு அந்துவா: பிரித்தறியும் முறை

பெண் அந்தின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் ஒட்டும் அட்டையில் நெல்மணி அளவுகூட இல்லாத சாம்பல் அந்துகள் சிக்கியிருக்கும். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ‘டூட்டா’ (ஊசிப்புழுவின் அறிவியல் பெயர்) என்று பதிவேட்டில் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தக்காளியும் உருளைக்கிழங்கும் அருகருகே விளையும் ஊர்களில் அது உருளைக்கிழங்கு அந்தாகவும் இருக்கலாம். இரண்டுமே கெலிக்கிடே குடும்பம், இரண்டுக்கும் பூர்வீகம் தென்னமெரிக்கா, இரண்டும் கத்தரிக் குடும்பச் செடிகளின் இலையைக் குடையும். உருளைக்கிழங்கு அந்து இந்தியாவுக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஊசிப்புழு 2014இல்தான் மகாராஷ்டிரத்தில் தென்பட்டது.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஊசிப்புழுவை 1917இல் மெய்ரிக் விவரித்தார். அது பல பேரினங்களுக்கு மாறி, 1994இல் டூட்டா அப்சொலூட்டா ஆனது. 2021இல் அதை ஃப்தோரிமேயா பேரினத்தில் சேர்த்தார்கள். உருளைக்கிழங்கு அந்தான ஃப்தோரிமேயா ஓபர்குலெல்லா இருப்பதும் அதே பேரினம்தான். ஆகவே டூட்டா அப்சொலூட்டா, ஃப்தோரிமேயா அப்சொலூட்டா என்று இரண்டு விதமாகப் பார்த்தால் இரண்டு பூச்சி என்று எண்ண வேண்டாம்.

முதலில் வேற்றாள்களை விலக்குங்கள். 10 மடங்கு கைலென்ஸ் போதும். கெலிக்கிடே அந்துக்கு வாயருகே இரண்டு உணர்நீட்சிகள் கொம்புபோல் மேல்நோக்கி வளைந்து தலையைத் தாண்டி நிற்கும். பின்னிறகின் நுனி விரல்போல் நீண்டு, அதற்குக் கீழே விளிம்பு உள்வாங்கியிருக்கும். பக்கத்து முட்டைக்கோஸ் வயலிலிருந்து வரும் வைரமுதுகு அந்து உட்காரும்போது உணர்கொம்புகளை முன்னால் நீட்டி வைத்திருக்கும், முதுகில் வெளிர் கட்டங்கள் தெரியும். இலையில் பாம்புபோல் வளைந்த ஒல்லிக் கோடு இருந்தால் அது இலைத்துளைப்பான் ஈ. ஊசிப்புழுவின் குடைவு அகலத் திட்டாக, கண்ணாடிபோல் இருக்கும், உள்ளே கருப்பு எச்சம் கிடக்கும்.

ஊசிப்புழுவையும் உருளைக்கிழங்கு அந்தையும் பிரிக்க நம்பகமான எளிய வழி அந்து அல்ல, புழு. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, புழு உள்ளே இருக்கும் திட்டை ஊசியால் கிழித்து எடுங்கள். தலைக்கு அடுத்த வளையத்தின் முதுகுத் தகட்டைப் பாருங்கள். தகடு முழுவதும் கரும்பழுப்பாக இருந்தால் உருளைக்கிழங்கு அந்து. தகடு வெளிறி, அதன் பின்விளிம்பில் மட்டும் சாய்வான மெல்லிய கருப்புப் பட்டை இருந்தால் ஊசிப்புழு. அப்போதுதான் பொரித்த, 1 மி.மீ. அளவுப் புழுவில் இதைத் தேடாதீர்கள். 5 மி.மீ. தாண்டியதை எடுங்கள். உடல் நிறத்தையும் நம்ப வேண்டாம். வளர்ந்த ஊசிப்புழு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும், மற்றதும் இளஞ்சிவப்பாவது உண்டு. பாதுகாக்க வேண்டுமென்றால் கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். உயிரோடு நேரே எத்தனாலில் போட்டால் கருத்துச் சுருங்கி, பார்க்க வேண்டிய பட்டையே மறைந்துவிடும்.

மீதிப் புழுக்களை வளர்த்து அந்தாக்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் டிஷ்யூ தாள், வாய்க்கு மெல்லிய துணி, இரண்டு நாளுக்கு ஒருமுறை புது இலை. டப்பா உள்ளே நீர் கோத்தால் பூஞ்சணம் பிடித்துப் புழு சாகும். முட்டையிலிருந்து அந்து வரை ஊசிப்புழுவுக்கு 27 டிகிரி செல்சியஸில் சுமார் 24 நாள் ஆகும், 14 டிகிரியில் 76 நாள் வரை இழுக்கும். மலைப்பகுதியில் பொறுமை வேண்டும். அந்து வெளிவந்ததும் கொல்லாமல் ஒரு நாள் விட்டு இறகு இறுகிய பின் ஃப்ரீசரில் வையுங்கள்.

செதில் உதிராத அந்தில் இறகு கொஞ்சம் உதவும். உருளைக்கிழங்கு அந்தின் பெண்ணுக்கு முன்னிறகுகள் மூடியிருக்கையில் கரும்புள்ளிகள் சேர்ந்து பெருக்கல் குறிபோல் தெரியும். ஆணுக்கு ஒவ்வொரு இறகிலும் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே. ஊசிப்புழு அந்து வெள்ளிச் சாம்பலில் கருப்பு சிதறியது, அந்தப் பெருக்கல் குறி வராது. விரித்த இறகின் அளவு ஊசிப்புழுவுக்குச் சுமார் 10 மி.மீ., மற்றதற்கு 12 முதல் 16. ஆனால் பட்டினி கிடந்த புழு குட்டி அந்தாகும், அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சிக்கல் இங்கேதான்: பொறியில் விழுவது ஆண் மட்டும், எளிய அடையாளம் இருப்பதோ பெண்ணிடம். போதாததற்குப் பசை செதிலைப் பறித்துவிடும். ஒரே கையால் இரண்டு இனத்துக்குமான கவர்ச்சிக் குப்பிகளையும் (பொறியில் வைக்கும் மணப்பொருள்) தொட்டால் மணம் கலந்து, பொறியிலும் கலந்தே விழும்; கையுறையை மாற்றுங்கள். பொறி அந்துக்கு அறுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒட்டியதை இழுத்துப் பிய்க்காமல், அட்டைத் துண்டோடு வெட்டி மண்ணெண்ணெயில் ஊறவிட்டால் தானே கழன்று வரும்.

வயிற்றுப் பகுதியைக் கிள்ளி எடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு வையுங்கள், அல்லது வெந்நீர்த் தொட்டியில் 10 முதல் 20 நிமிடம் சூடாக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்: தசை கரைந்து தோல் மட்டும் கண்ணாடிபோல் நின்றால் போதும், அதற்கு மேல் விட்டால் மெல்லிய பாகங்களும் குழைந்துவிடும். கரைசல் தோலை அரிக்கும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். நீரில் கழுவி, 70 சதவீத எத்தனாலில் நுண்தூரிகையால் செதிலை நீக்கி, முனையிலுள்ள உறுப்பை மெல்லப் பிரித்துக் கிளிசரின் சொட்டில் வையுங்கள். ஊசிப்புழு ஆணின் பற்றுமடல்கள் (இணையும்போது பெண்ணைப் பிடிக்கும் இரு மடல்கள்) விரல் வடிவில் இருக்கும், நுனியில் மயிர், உள்விளிம்பு நடுவில் புடைத்திருக்கும். ஆண்குறியின் அடிப்பக்கம் பை போல் தெளிவாக உப்பியிருக்கும். கண்ணாடித் தகட்டை மேலே அழுத்தினால் பற்றுமடல் கோணி, வேறு இனம்போல் தோன்றும். முதல் பார்வை தகடில்லாமலே இருக்கட்டும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு காலைப் பிய்த்து மரபணுப் பட்டைக்கு, அதாவது மரபணுத் துண்டை வைத்து இனம் காணும் சோதனைக்கு, அனுப்பலாம். இதற்குப் பயன்படும் சிஓஐ (COI) என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டு இரண்டையும் பிரித்துவிடும்.

அந்துக்கும் அதன் வயிற்றுக் குப்பிக்கும் ஒரே எண் கொடுங்கள், அறுப்பதற்கு முன்பே. சீட்டில் ஊர், தேதி, எந்தச் செடி அல்லது எந்தக் கவர்ச்சிக் குப்பி, எதைப் பார்த்துப் பெயர் வைத்தீர்கள் என்பதைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் ஓடும். அறுக்காத பொறி அந்துக்கு ‘கெலிக்கிடே, ஆண்’ என்பதோடு நிறுத்துங்கள்.