சின்னப் படகுக்கு மோட்டார் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

பத்தடி பைபர் படகு கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. போடலாம்?" பணம் வீணாகத் தொடங்குவது இங்கேதான். தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிற படகுக்கு அதன் நீளம்தான் வேக வரம்பு. பத்தடிப் படகு மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தொட்டதும், தான் எழுப்பிய அலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் எஞ்சினைப் பெரிதாக்கினால் பின்பக்கம் அமிழும், பெட்ரோல் குடிக்கும், வேகம் மட்டும் பெரிதாக ஏறாது. அடி தட்டையான, எடை குறைந்த படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடும்தான். அது வேறு கணக்கு, வேறு செலவு. குளத்தில் சுற்றிவர இரண்டு ஹெச்.பி. தாராளம். பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாரே பெரும்பாலும் போதும்.

ஆனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றை நம்பித்தான் பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய் நிரப்பும் குளங்களில் தண்ணீர் இருக்கும் கார் நெல் பருவமும் இதே மாதங்களில்தான். அதிகாலையில் அலையில்லாத தண்ணீரில் ஓட்டிப் பார்த்து மோட்டாரை வாங்கிவிடுகிறோம். பத்து மணிக்கு மேல் காற்றை எதிர்த்துத் திரும்பும்போதுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. எப்போதும் முதலில் மேற்கே போங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

அடுத்து பேட்டரி. கார் பேட்டரி ஒரு நொடி முரட்டு மின்சாரம் கொடுத்து எஞ்சினைக் கிளப்பச் செய்யப்பட்டது. அதை மணிக்கணக்காக உறிஞ்சினால் சில மாதங்களில் செத்துப்போகும். வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரி உழைக்கும்; ஆனால் 50 கிலோவுக்கு மேல் எடை, உயரம் வேறு, படகு சாய்ந்தால் அமிலம் சிந்தும். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள ட்ரோலிங் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அதனால் பாதி வேகத்தில் ஓட்டப் பழகுங்கள், நேரம் பல மடங்கு நீளும். கையில் காசு இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்லது.

ஒயரில் நானே மாட்டியிருக்கிறேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரை மோட்டாருக்குக் கொடுத்தேன். சேரன்மகாதேவி பக்கத்துக் குளத்தின் நடுவில், கால்மாட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை. தொட்டால் ஒயரின் தோல் வெண்ணெய் மாதிரி குழைந்து விரலில் ஒட்டியது. மோட்டாரை நிறுத்தினேன். படகில் துடுப்பு இல்லை. காற்று தள்ளித் தள்ளி, ஆகாயத்தாமரைக்குள் கொண்டுபோய்ச் செருகிய பிறகு, கையாலேயே செடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்ந்தேன். 16 ஸ்கொயருக்குக் குறையாத ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர், ஒரு ஜோடி துடுப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கரையை விட்டு நகராதீர்கள்.

உவரியில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, இஞ்சின் இல்லாமக் கூட கடலுக்குப் போவேன், தொளவை இல்லாமப் போக மாட்டேன்" என்றார். அங்கே துடுப்பு தொளவைதான்.

புல்வெட்டும் எஞ்சினில் தண்டும் தண்ணீரைத் தள்ளும் விசிறியும் மாட்டி விற்பதை மலிவு என்று வாங்குகிறார்கள். காது கிழியும் சத்தம். பலவற்றில் ரிவர்ஸ் கிடையாது, அதனால் கரையில் மோதாமல் நிறுத்துவது பெரும்பாடு.

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டு, பழையதாக இருந்தாலும் நல்ல வழிதான். வாங்கும்முன் அடிப்பகுதியைத் தண்ணீரில் முக்கி ஓடவிட்டு, பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் குளிர்விக்கும் பம்பு போயிருக்கலாம். படகின் பின்பலகையையும் அளந்துகொள்ளுங்கள். 15 அங்குல உயரப் பலகைக்கு ஷார்ட் ஷாப்ட் (குட்டைத் தண்டு), 20 என்றால் லாங். மாறிப்போனால் விசிறி காற்றைக் கடையும், இல்லாவிட்டால் சேற்றை உழும். கடலில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைக்கும்.

குளம் நீர்வளத் துறையுடையதா, பஞ்சாயத்துடையதா, மீன்பாசி ஏலம் (மீன் பிடிக்கும் உரிமை) யாரிடம் என்று முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். கூந்தன்குளம் பறவைகளின் சரணாலயம், அங்கே எந்த மோட்டாரும் வேண்டாம்.

அப்புறம், விசிறியைப் பிடித்திருக்கும் சின்னப் பின். கல்லில் இடித்தால் விசிறியையும் கியரையும் காப்பாற்ற அது உடையும், அதற்காகவே இருப்பது. உடைந்தால் ஆணி செருகி ஓட்டாதீர்கள். அடுத்த இடியில் கியர் போகும். இரண்டு பின்னையும் ஒரு இடுக்கியையும் டப்பாவில் போட்டு படகிலேயே கட்டிவையுங்கள்.