கடற்கரைத் தொடர்மாடி விடுதியின் கட்டட வேலையை ஊரில் நின்று கவனிப்பது எப்படி

முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு என்று தெற்கே போகும் கரையில் காணி வைத்திருக்கும் குடும்பங்களில் பல இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. அவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு வீடு என்ற கணக்கில் ஒரு தொடர்மாடியைக் கட்டி, தாங்கள் வராத மாதங்களில் அதை விடுதியாக நடத்தலாம் என்று திட்டமிடும்போது, வேலையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஊரில் நிற்கும் ஒரு தம்பியிடமோ பெறாமகனிடமோ வந்து சேர்கிறது. எங்கள் உறவினர் ஆறு குடும்பங்களுக்காக, பன்னிரண்டு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நான் அப்படிப் பார்த்து வருகிறேன். நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் கைத்தொலைபேசியும் வைத்திருக்கும் எவரும், எதை எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும்.

வேலைத்தளத்துக்குப் போகுமுன் கடதாசிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம், கம்பிகளின் அளவும் இடைவெளியும் காட்டும் கட்டமைப்பு வரைபடம், பீ.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்லும் அளவு விலைப்பட்டியல், மாதவாரி வேலை அட்டவணை, பணம் கொடுக்கும் கட்டங்கள் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு கரையோர அனுமதியும் தேவை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயத்துக்குள் அடங்குகிறது. அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்று கடலோடு வாய் திறக்கும் நீர்நிலைகளுக்கு எல்லை வேறு விதமாக அளக்கப்படுவதால், கடல் கண்ணுக்கே தெரியவில்லை என்ற காரணத்தால் காணி வலயத்துக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

அனுமதிப்பத்திரத்தில் குறிக்கப்பட்ட பின்வாங்கு தூரத்தை, அதாவது கடலிலிருந்து கட்டடம் விலகி நிற்க வேண்டிய தூரத்தை, முதல் நாளிலேயே நீங்களே அளந்து பாருங்கள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் நமது கரை அகன்று கிடக்கும்; வாடையும் மாரியும் வந்ததும் கடல் அந்த மணலை இழுத்துக்கொண்டு போகும். ஆகையால் ஆடி மாதத்து அமைதியான கரையில் நின்று, அலை தொடும் இடத்திலிருந்து நாடாவைப் பிடித்தால் அளவு பிழைத்துவிடும். நில அளவையாளர் நாட்டிய கல்லிலிருந்தே அளக்க வேண்டும்.

அத்திவாரம் வெட்டும் நாட்களில் கட்டாயம் அங்கே நில்லுங்கள். இது வன்னி மண். காணி கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது என்பதற்கான ஆவணத்தைப் பார்க்காமல் இயந்திரத்தை உள்ளே இறக்க விடக் கூடாது. அகற்றப்பட்ட காணியிலும் பழைய எறிகணை ஒன்று மண்ணோடு வெளிப்படக்கூடும். அப்போது எவரையும் தொட விடாமல், வேலையை நிறுத்தி, பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். அதனால் இழந்த நாட்களை ஒப்பந்தக்காரரின் தாமதமாகக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கரையோர மணலில் சில அடி வெட்டியதும் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டு, குழியின் அடியில் மெல்லிய கொங்கிறீற் படை போட்ட பின்னரே கம்பிக்கூட்டை இறக்குகிறார்களா என்று பாருங்கள். ஈர மணலில் நேராகக் கம்பியை வைத்தால், அது மணலுக்குள் புதைந்து, கொங்கிறீற் அதைச் சூழாமல் போய்விடும்.

கடற்கரைக் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கும் கொங்கிறீற்றின் தடிப்பு. அதை மூடல் என்பார்கள். உப்பு அந்தத் தடிப்பை ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். உள்நாட்டில், மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ, 25 மில்லிமீற்றர் மூடலோடு காலம் தள்ளும் பீம் ஒன்று, கடற்காற்று அடிக்கும் இடத்தில் சில ஆண்டுகளிலேயே வாய் பிளந்துவிடும். எங்கள் வரைபடத்தில் வெளிப்பக்கத் தூண்களுக்கும் பீம்களுக்கும் 50 மில்லிமீற்றரும், மண்ணைத் தொடும் அத்திவாரப் பகுதிகளுக்கு 75 மில்லிமீற்றரும் குறிக்கப்பட்டிருந்தன. பலகை அடித்து முடிந்து கொங்கிறீற் கொட்டுவதற்கு முதல் நாள் மாலையில், பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் நாடாவை நுழைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். இடைவெளிக்கு வைக்கும் சிறிய சீமெந்துக் கட்டைகள் நொறுங்கிக் கிடந்தாலோ, அவற்றுக்குப் பதிலாகச் செங்கல் துண்டுகளும் மரச் சீவல்களும் செருகப்பட்டிருந்தாலோ, அன்றே மாற்றச் சொல்ல வேண்டும். மறுநாள் மதியத்துக்குப் பிறகு அதை எவராலும் பார்க்க முடியாது.

வேலை இடையில் நின்றுபோகும்போது, அடுத்த மாடிக்காகத் தூண்களின் உச்சியில் நீட்டி விடப்பட்ட கம்பிகள் உப்புக் காற்றில் நிற்கும். அவற்றுக்குச் சீமெந்துப் பால் பூசிவிடச் சொல்லுங்கள். மீண்டும் தொடங்கும்போது, கையால் தட்டினால் துரு பொருக்காக உதிர்கிறதா என்று பார்த்து, உதிர்ந்தால் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்வித்து, கம்பியின் விட்டத்தைப் பொறியியலாளர் அளந்த பின்னரே கட்ட விட வேண்டும்.

கொங்கிறீற் குழைக்கும் தண்ணீரைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு கேட்பதில்லை. கரையோரக் கிணறுகளில் மாரி முடிந்த கையோடு நல்ல தண்ணீர் இருக்கும். ஆவணியில் அதே கிணறு உவர்த்துவிடும். நான் போகும் ஒவ்வொரு முறையும் பரலிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பேன். நாக்கில் உப்பு பட்டால், பவுசரில் நல்ல தண்ணீர் கொண்டுவரும் வரை கொங்கிறீற் வேலை நடக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் பிறகு சேர்த்த நிபந்தனை. மணலுக்கும் இதுவே விதி. காணியிலேயே கிடக்கும் கடல் மணலைக் கலவைக்குள் தள்ளிவிடுவது எளிது என்பதால், ஆற்று மணல் வந்த லொறியின் அனுமதிப்பத்திரப் பிரதியைத் திகதியோடு வாங்கி வையுங்கள்.

கொங்கிறீற் கொட்டும் அன்று 150 மில்லிமீற்றர் அச்சுகளில் பலம் சோதிக்கும் கட்டிகள் நிரப்பப்படுகின்றனவா, அவற்றில் திகதியும் இடமும் எழுதப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 25ஆம் தரக் கொங்கிறீற் என்றால், 28 நாட்களில் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூற்றன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 7ஆம் நாளில் அதன் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்டியிருந்தால் வேலை சரியான பாதையில் போகிறது என்று கொள்ளலாம்.

இங்கே எனது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலாம் மாடித் தளம் கொட்டிய மறுநாள், கட்டடத்தின் முகப்பைப் பனைகளோடு சேர்த்து அழகாகப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒப்பந்தத்தில் ‘தளம் கொட்டி முடிந்ததும்’ என்று எழுதப்பட்டிருந்ததால், ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அன்றிரவே அந்தக் கட்டத்துக்குரிய பணத்தை அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை பிற்பகலில் ஏணி வைத்து மேலே ஏறினேன். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. தளம் உலராமல் ஈரம் காப்பதற்காக அதன் மேல் விரித்த சாக்குகள் அப்பளம் போலக் காய்ந்து, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. ஒன்றைத் தூக்கியபோது, அதன் கீழே சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் தளத்தின் நடுவரை ஓடியிருந்தன. அங்கே நின்ற மேசன், “தண்ணி மோட்டர் பழுதாகி நாலு நாளாச்சு அண்ணை, வாளியால மேல தூக்க ஆளில்லை” என்றார். அவர் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். பொறியியலாளர் வந்து பார்த்து, வெடிப்புகள் மேற்பரப்போடு நிற்கின்றன என்று உறுதிப்படுத்தி, அவற்றை அடைக்கும் முறையை எழுதிக் கொடுத்தார். பணம் முன்னரே போய்விட்டதால், அந்தத் திருத்த வேலையைச் செய்விக்க ஆறு கிழமை அலைந்தோம்.

அதன் பிறகு பணம் கொடுக்கும் கட்டங்களின் சொற்களையே மாற்றினோம். ‘தளம் கொட்டி, 7 நாட்கள் ஈரம் காக்கப்பட்டு, 7ஆம் நாள் கட்டி அறிக்கை கையளிக்கப்பட்டதும்’ என்று எழுதினால், ஒப்பந்தக்காரருக்கே மோட்டர் திருத்துவதில் அக்கறை வரும். தளத்தின் ஓரத்தில் மண் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்குவது சாக்கைவிட நம்பகமானது. போகும் நாளை முன்கூட்டிச் சொல்லாமல், பிற்பகல் மூன்று மணியளவில், வெயிலும் காற்றும் சேர்ந்து உலர்த்தும் நேரத்தில் போய்ப் பாருங்கள். அடுத்த தளம் கொட்டும்போது கீழ்த்தளத்தைத் தாங்கும் முட்டுகள் நிற்கின்றனவா என்பதையும் அப்போதே எண்ணுங்கள். பொறியியலாளரின் எழுத்தில்லாமல் ஒரு முட்டும் கழற்றப்படக் கூடாது.

படம் எடுக்கும் முறையும் இதனால் மாறியது. காணியில் மூன்று இடங்களில் கட்டை நாட்டி, ஒவ்வொரு வருகையிலும் அதே கட்டையருகே நின்று, அதே பக்கம் பார்த்து எடுக்கிறேன். முகப்புப் படம் உறவினரின் மகிழ்ச்சிக்காக ஒன்று போதும். மற்றவை மூடப்படப் போகும் இடங்களின் படங்களாக இருக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்ற கேள்விக்கு ஒருபோதும் கண்மதிப்பில் பதில் சொல்லாதீர்கள். தூணும் தளமும் எழுந்துவிட்டால் வீதியால் போகிறவருக்கு முக்கால்வாசி முடிந்ததாகத் தோன்றும். உதாரணமாக, மொத்த ஒப்பந்தம் 600 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அளவு விலைப்பட்டியலில் அத்திவாரம், தூண், தளம் ஆகியவற்றுக்கு 240, சுவரும் பூச்சும் 90, கூரை 40, கதவும் ஜன்னலும் 70, நீர்க்குழாய், மின்சாரம், கழிவுநீர் ஆகியவை 90, தரையோடும் வர்ணமும் வெளிவேலையும் 70 இலட்சம் என்று இருக்கிறது. தளங்கள் முழுவதும் முடிந்து, சுவரும் பூச்சும் பாதியில் நின்றால், முடிந்த வேலை 240உம் 45உம் சேர்ந்து 285 இலட்சம், அதாவது 47.5 சதவீதம். ஒப்பந்தக்காரர் 70 சதவீதம் என்று பணம் கேட்டால், சண்டை பிடிக்காமல் இந்தக் கணக்கை அவருக்கு முன்னால் வைத்துப் பேசலாம். களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கும் ஓடுகளையும் குழாய்களையும் தனியாக எழுதுங்கள். பொருத்தப்படாத பொருள் முடிந்த வேலையாகாது.

அட்டவணையை வாசிக்கும்போது நமது பருவத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை நமக்கு மாரி. கார்த்திகையில் வெளிப்பூச்சு என்றும், மார்கழியில் கழிவுக்குழி என்றும் எழுதிய அட்டவணையை இந்த மண்ணை அறியாத ஒருவர்தான் போட்டிருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில்தான் ஏறியது. ஆகவே பாதி அடித்த கூரையோடு கார்த்திகைக்குள் நுழைவதைவிட, கூரை வேலையைத் தை முடியும் வரை தள்ளிவைப்பது நல்லது என்பது எனது கருத்து. மழையால் இழந்த நாட்களை வேலைத்தள நாட்குறிப்பில் அன்றன்றே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும்.

உள்வேலைகளில் இரண்டைக் கவனித்தால் போதும். குளியலறைத் தரைக்கும் மொட்டைமாடிக்கும் ஓடு பதிக்குமுன், வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல்கனிக் கம்பிகளுக்கும் பிணைச்சல்களுக்கும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு எழுதப்பட்டிருந்தால், கொள்வனவுச் சீட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். 304 தரமும் பார்வைக்கு அதேபோல மின்னும். கடற்காற்றில் அது விரைவில் பழுப்புப் புள்ளி விடும்.

கட்டடம் முடிந்ததும் பிரதேச சபையின் இணக்கச் சான்றிதழைப் பெற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமை உறுதி எழுதுவதென்றால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி வரைபடம் பதியப்பட வேண்டும் என்பதால், படிக்கட்டும் கிணறும் வாகனத் தரிப்பிடமும் பொது உடைமையாக அதில் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று நொத்தாரிசோடு இருந்து பாருங்கள்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் தடுத்து வைத்த பணத்தின் கடைசிப் பகுதியை ஒரு முழு மாரி கடக்கும் வரை விடுவிக்க வேண்டாம். தை பிறந்து வெயில் எறித்ததும், கடலைப் பார்த்த பல்கனிகளின் கீழ் விளிம்பை வெறுங்கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பாருங்கள். கம்பி போகும் வழியே மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தாலோ, விரலுக்கு மயிரிழை வெடிப்புத் தட்டுப்பட்டாலோ, அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, திகதி எழுதி, நாடாவோடு படம் எடுத்து, பொறியியலாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அன்றே அனுப்புங்கள்.