முக்கால் மணி நேரத்தில் மீன் குழம்பும் சோறும்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

புதுச்சேரியில் வேலை முடித்து, கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்றைக்கும் பரோட்டாதானா" என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏழரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் எட்டே காலுக்குச் சாப்பிட உட்காரலாம்.

மீன் குழம்பு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்று பலரும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சாம்பாருக்குப் பருப்பு வேக வேண்டும், கறிக் குழம்புக்கு மசாலா அரைக்க வேண்டும், கறியும் எளிதில் வேகாது. மீனோ ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். இந்தக் குழம்பில் நேரம் கேட்பது புளி ஒன்றுதான். அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்துவிட்டு மற்ற வேலைகள் எல்லாவற்றிலும் அவசரப்படலாம்.

வேண்டியவை (மூன்று பேருக்கு)

மீன் அரை கிலோ. சிறிய எலுமிச்சை அளவு புளி. சின்ன வெங்காயம் பத்துப் பதினைந்து, பூண்டு பத்துப் பல், நடுத்தரத் தக்காளி இரண்டு. வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி. தனி மிளகாய்த்தூளும் மல்லித்தூளும்தான் இருக்கிறது என்றால் ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி. மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் வடகம். எண்ணெய் அதிகம் என்று தோன்றும். குறைக்காதீர்கள், காரணம் பிறகு வருகிறது.

எந்த மீன்? முதல் முறை சங்கரா வாங்குங்கள். சதை கெட்டியாக இருக்கும், முள் கண்ணுக்குத் தெரியும், விலையும் வஞ்சிரத்தைப் போல மிரட்டாது. பாறையும் நல்லது. கிழங்கான் மிக ருசியான மீன்தான், ஆனால் தொட்டாலே உடையும். கை பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். மத்தியும் அப்படியே, முள்ளோடு பழக வேண்டும். வஞ்சிரத்தைக் குழம்பில் போடுவது வீண் செலவு என்பது என் கட்சி. அது வறுவலுக்குப் பிறந்த மீன்.

மார்க்கெட்டிலேயே மீன் வெட்டித் தருபவர்கள் இருப்பார்கள். அதற்குத் தனிக் காசு, தயங்காமல் கொடுத்துவிடுங்கள். "குழம்புத் துண்டு போடுங்கள், தலையும் வேண்டும்" என்று சொன்னால் போதும். தலை இல்லாத குழம்பில் பாதி ருசி போய்விடும். வீட்டுக்கு வந்ததும் கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு முறை அலசினால் கவிச்சி அடங்கும்.

வடகம் பற்றி ஒரு வார்த்தை

எங்கள் பக்கத்தில் மீன் குழம்புக்கு வடகம் தாளிப்பதுதான் வழக்கம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வைகாசி வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து எடுப்பது. ஒரு தாளிப்புக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பாக்கெட் மசாலா வருவதற்கு வெகு காலம் முன்பே நம் பாட்டிகள் கண்டுபிடித்த உடனடிப் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து இதைக் கொண்டுபோய் 'வடுவான்' என்ற மசாலாவாக மாற்றிக்கொண்டார்கள். அங்கே பெரிய ஓட்டல்களில் அதற்கு மரியாதை. இங்கே மளிகைக் கடையின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. வாங்கி வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் ஓராண்டு கெடாது.

கிடைக்காதவர்கள் கடுகு, சீரகம், கால் தேக்கரண்டி வெந்தயம் தாளித்துக்கொள்ளலாம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் குழம்பு முழுவதும் கசக்கும்.

பாத்திரம்

மண்சட்டி என் முதல் தேர்வு. சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் தளதளக்கும். சுடுமண் பொம்மைகளுக்குப் பேர் போன வில்லியனூர் நம் பக்கத்திலேயே இருக்கும்போது பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த மண்சட்டியை இணையத்தில் ஆர்டர் செய்வதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. புதுச் சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய நீரை அதில் ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். சோப்புப் போடாதீர்கள், மண் அதைக் குடித்துக்கொண்டு அடுத்த குழம்பில் திருப்பிக் கொடுக்கும்.

மண்சட்டி இல்லையென்றால் அடி கனமான எவர்சில்வர் பாத்திரம். அலுமினியமும் இரும்பு வாணலியும் வேண்டாம். புளியின் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து வாடையும் கறுப்பும் கொடுக்கும்.

முதலில் சோறு

ஒன்றரை டம்ளர் பொன்னி புழுங்கலரிசியைக் கழுவி ஊறவையுங்கள். புளியையும் வெந்நீரில் போட்டுவிடுங்கள். நீங்கள் கைகால் கழுவி உடை மாற்றி வருவதற்குள் இரண்டும் ஊறியிருக்கும்.

குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதற்குள் அரிசிப் பாத்திரம். அரிசி ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு. ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டு, முதல் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு விதமாகக் கூவும், கடிகாரம் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி ஓடும். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டில் அரிசி வெந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொட வேண்டாம். அந்த நேரம் குழம்புக்குத் தேவைப்படுகிறது.

இப்போது குழம்பு

ஊறிய புளியைக் கரைத்து வடிகட்டி இரண்டு டம்ளர் அளவுக்கு எடுங்கள். அதிலேயே மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கையால் கரைத்துவிடுங்கள். தூளை எண்ணெயில் வதக்கச் சொல்வார்கள். நிறம் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் புதியவர்கள் கையில் அது நொடியில் கருகிவிடும். கரைத்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வடகத்தை உதிர்த்துப் போட்டு, மணம் வந்தவுடன் பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் தக்காளி. தக்காளி கரைந்து குழைந்ததும் புளிக்கரைசலை ஊற்றி, இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்துத் தீயைக் கூட்டுங்கள். மூட வேண்டாம்.

இங்கேதான் நிற்க வேண்டும். எனக்கு வெகு நாள் பிடிபடாத கட்டம் இது. சமையல் குறிப்புகள் எல்லாம் "பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடவும்" என்று ஒரே வரியில் தாண்டிவிடும். பச்சை வாசனை என்றால் எது, போய்விட்டது என்று எப்படித் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. மூக்கை நம்பியும் பயனில்லை. அடுப்பருகே ஐந்து நிமிடம் நின்றால் அது எல்லா வாசனைக்கும் பழகிவிடுகிறது.

எனவே கண்ணையும் காதையும் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் குமிழ்கள் சிறியவை, நுரையோடு வேகமாகப் பொங்கும், சத்தம் சலசலவென்று இருக்கும். பத்து நிமிடம் போனதும் நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கும். சத்தமும் தளதளவென்று கனத்துப்போகும். சட்டியின் உட்புறத்தில் பாருங்கள்: குழம்பு முதலில் நின்ற இடத்தில் ஒரு கோடு விழுந்து, அதிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருக்கும். கடைசி அடையாளம், ஓரத்தில் செந்நிற எண்ணெய் பிரிந்து மிதப்பது. எண்ணெயைக் குறைக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். கொஞ்சமாக ஊற்றினால் பிரிவது தெரியாது, குழம்பு தயாரா இல்லையா என்று கடைசிவரை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதற்கெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும்.

அதற்கு முன் மீனைப் போட்டுவிட்டால் திரும்பிச் செல்ல வழியில்லை. புளி வேகும்வரை விட்டால் மீன் கரையும். மீன் வெந்ததும் இறக்கினால் புளி பச்சையாக நிற்கும்.

உப்பும் காரமும் இப்போதே பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு தீயை நடுத்தரமாக்கி, தலையை முதலிலும் துண்டுகளை அடுத்தும் ஒவ்வொன்றாக இறக்குங்கள். அதோடு கரண்டியின் வேலை முடிந்தது. கலக்க வேண்டுமென்று தோன்றினால் துணியால் சட்டியின் இரு விளிம்பையும் பிடித்து மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். மீன் சதையைக் கட்டிப்பிடித்திருக்கும் நார் மிகக் குறைவு, சூட்டில் அது சீக்கிரம் இளகிவிடும். அதனால்தான் வெந்த மீன் கரண்டி பட்டால் இதழ் இதழாகப் பிரிகிறது. ஆறு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். குக்கர் அடங்கிச் சோறு தயாராகும்போது குழம்பிலும் மீனுக்குள் உப்பும் புளியும் இறங்கியிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை

நம் கிழக்குக் கடற்கரையில் இந்த 61 நாட்களும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறியிருக்கும். அப்போது இதே குழம்பைக் கருவாட்டில் வையுங்கள். பண்ருட்டிப் பலா வருவதும் இதே காலம்தான். குழம்பில் சேர்க்கப் பலாக்கொட்டையைத் தோல் நீக்கி, சோற்றுக்கு மேல் தட்டில் வைத்து அதே குக்கரில் வேகவிட்டால் தனி அடுப்பு தேவையில்லை. கூடவே கத்தரிக்காயும் ஒரு துண்டு மாங்காயும் புளிக்கரைசலில் வேகட்டும். மாங்காய் சேர்ந்தால் புளியைப் பாதியாக்குங்கள். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி மண்ணை நீக்கி, கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும். கருவாட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அது வெந்த பிறகே குழம்புக்கு உப்புப் பாருங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் சிலர் மண்சட்டி சூடாகவே இல்லை என்றார்கள். ஆகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். ஒரு காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் உங்கள் குக்கரும் அதில் உதவாது. வாடகை அறையில் கேஸ் இல்லை என்றால் காந்தம் ஒட்டும் எவர்சில்வரிலேயே வையுங்கள். பாத்திரத்தின் அடியே நேரடியாகச் சூடாவதால் கொதிக்கும்போது அடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசிலே வராமல் ஓரத்தில் ஆவி போகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும். பத்து நிமிடம் பிரீசரில் வைத்து எடுத்துப் போட்டால் அன்றைய சோறு வெந்துவிடும். மறுநாள் புதிது வாங்குங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குழம்பில் புளிப்பு கூடிவிட்டால்? நெல்லிக்காய் அளவு வெல்லம் அல்லது கால் டம்ளர் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பால் ஊற்றினால் ஒரு கொதியில் இறக்குங்கள், இல்லாவிட்டால் திரிந்துபோகும். அந்தக் குழம்பு மறுநாளைக்குத் தாங்காது, இரவே தீர்த்துவிடுங்கள்.

பிரீசரில் கிடக்கும் மீனை அப்படியே கொதிக்கும் குழம்பில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடாதீர்கள். குழம்பின் சூடு சட்டென்று இறங்கும், மீன் விடும் தண்ணீரில் குழம்பும் நீர்த்துப்போகும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிரீசரிலிருந்து எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாலையில் அது விட்டிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசிச் சமைக்கலாம்.